மொழிப் பேராசிரியருக்கு நிலச் சட்டத்தில் என்ன வேலை?

ஒரு டம்ளர் டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. இருந்தாலும் தொடங்கிவிடுவோம், நடுவில் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம்.

ராம் தயாள் முண்டா என்று ஒரு பேராசிரியர் இருந்தார். ஜார்க்கண்டில், ராஞ்சி மாவட்டத்துத் தமாட் பக்கம், தியூரி என்கிற சிற்றூரில் 1939-ல் பிறந்தவர். முண்டா பழங்குடியைச் சேர்ந்தவர். ராஞ்சியில் மானிடவியல் படித்தார். 1960களில் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போய் மொழியியலில் முனைவர் பட்டம் வாங்கினார். பிறகு மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். முண்டாரி மொழி, அதன் இலக்கணம், அதன் பாட்டு, அதன் கதை: அவருடைய படிப்பெல்லாம் இதைச் சுற்றித்தான். ஆனால் அவர் பெயர் பதிந்திருக்கிற இடங்களைப் பாருங்கள். ஜார்க்கண்ட் மாநிலக் கோரிக்கையை ஆராய மத்திய அரசு அமைத்த குழு. ஜெனீவாவில் பழங்குடி மக்களுக்கான ஐ.நா. பணிக்குழுக் கூட்டங்கள். மத்திய அரசின் தேசிய ஆலோசனைக் குழு. மாநிலங்களவையில் நியமன உறுப்பினர் இருக்கை.

எழுவாய் பயனிலை சொல்லிக்கொடுக்கிறவருக்கு நிலச் சட்டத்திலும் மாநில எல்லையிலும் என்ன வேலை? நியாயமான கேள்வி. இதற்குப் பதில் தெரிந்தால், பழங்குடி மக்களுக்கான சட்டங்கள் ஏன் சில இடங்களில் உயிரோடு இருக்கின்றன, பல இடங்களில் தாளோடு நின்றுவிடுகின்றன என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். சோட்டா நாகபுரி பீடபூமியில் முண்டாக்களின் பழைய நில முறைக்குக் குந்த்கட்டி என்று பெயர். காட்டை முதலில் வெட்டித் திருத்திய குலம் எதுவோ, அந்தக் குலத்தின் வழிவந்தவர்கள் எல்லோருக்கும் ஊர் நிலம் பொது. தனியாள் விற்க முடியாது. ராஜாவும் எடுத்துக்கொள்ள முடியாது. இதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டால் அவர்கள் ஊர்ப் புதைகாட்டைக் காட்டுவார்கள். குலத்து முன்னோரின் எலும்புகளின் மேல் வைக்கப்பட்ட பெரிய கற்பலகைகள் அங்கே கிடக்கும். சசாந்திரி என்பார்கள். அந்தக் கற்கள்தான் எங்கள் பட்டா என்பது முண்டாக்களின் வழக்கு.

வெள்ளைக்காரன் கச்சேரிக்கு அந்தப் பட்டாவை வாசிக்கத் தெரியவில்லை. ஜமீன்தார்களும் வட்டிக்காரர்களும் காகிதத்தோடு வந்தார்கள். கல்லோடு நின்றவர்கள் தோற்றார்கள். சொந்த ஊரிலேயே வாரக் குடிகளாகவும் வெட்டி வேலைக்காரர்களாகவும் ஆனார்கள். 19-ஆம் நூற்றாண்டு முழுவதும் அங்கே கலகம் மூண்டுகொண்டே இருந்தது. கடைசிப் பெரும் கலகம் பிர்சா முண்டா தலைமையில் 1899-1900-ல் நடந்தது. பிர்சா 1900 ஜூன் 9 அன்று ராஞ்சிச் சிறையில் இறந்தார்; வயது இருபத்தைந்தை ஒட்டித்தான் இருக்கும். அந்தக் கலகத்தின் சூட்டில்தான் ஆங்கிலேய அரசு 1908-ல் சோட்டா நாகபுரி குத்தகைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பழங்குடியின் நிலத்தைப் பழங்குடி அல்லாதவருக்கு மாற்றக் கூடாது. பழங்குடியினருக்குள்ளேயே கைமாறுவதானாலும் அதே காவல் நிலைய எல்லைக்குள் வசிப்பவருக்குத்தான், அதுவும் மாவட்ட ஆட்சியர் அனுமதியோடுதான். இது அந்தச் சட்டத்தின் 46-வது பிரிவு. இன்றைக்கும் நடப்பில் இருக்கிறது.

இந்தச் சட்டத்தில் குந்த்கட்டி முறைக்குத் தனி இடம் கிடைத்ததற்குப் பின்னால் ஒரு மொழி அறிஞர் இருந்தார். ஜான் பாப்டிஸ்ட் ஹாஃப்மன் என்ற ஏசு சபைப் பாதிரியார். முண்டாரி இலக்கணம் எழுதியவர். பிறகு முண்டாரி கலைக்களஞ்சியம் என்ற பல தொகுதிப் பெருநூலைத் தொடங்கியவர். மண்ணுக்கும் வரப்புக்கும் ஊர்ப் பொதுவுக்கும் முண்டாக்கள் என்ன சொல்கிறார்கள் என்பதைச் சொல் சொல்லாகக் கேட்டு எழுதியவருக்கு அவர்களுடைய நில உரிமை எப்படி இயங்குகிறது என்பது தானாகவே புரிந்தது. சட்டத்தை வரைந்த அதிகாரிகள் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

ஆக, மொழியில் கிடந்த சட்டத்தை ஒருவர் எடுத்து அரசின் சட்டத்துக்குள் வைத்தார். கேள்விக்கு இது முதல் பதில். ஆனால் இதில் ஒரு குறை இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். முண்டாக்களுக்காக இன்னொருவர் பேசினார். அவர் நல்லவர், அதனால் நல்லது நடந்தது. முதல் உலகப் போர் வந்ததும் ஜெர்மானியர் என்று அவரை நாட்டை விட்டு அனுப்பிவிட்டார்கள். நமக்காகப் பேசுகிறவர் போய்விட்டால் நம் பேச்சும் போய்விடுகிறது என்றால் அது நம் பலம் ஆகாது. ராம் தயாள் முண்டாவின் வாழ்நாள் வேலை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது என்பது என் கணிப்பு.

அவருக்கு முன்னால் ஒருவரைச் சொல்லியாக வேண்டும். ஜெய்பால் சிங் முண்டா. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணித் தலைவர் என்று விளையாட்டுப் பிரியர்களுக்குத் தெரிந்திருக்கும். அவரும் ஆசிரியர், ஆப்பிரிக்காவில் தங்கக் கடற்கரை நாட்டின் அச்சிமோட்டா கல்லூரியில் பாடம் நடத்தியிருக்கிறார். அரசமைப்பு நிர்ணய சபையில் 1946 டிசம்பரில் எழுந்து, பழங்குடி மக்களுக்கு நீங்கள் ஜனநாயகம் கற்றுத்தர வேண்டியதில்லை, அவர்களிடமிருந்து நீங்கள்தான் கற்க வேண்டும் என்ற பொருளில் பேசினார். ஊர் கூடி உட்கார்ந்து முடிவெடுக்கிற பழக்கம் அவர்களிடம் எவ்வளவோ காலமாக இருந்தது. அதைத்தான் அவர் சொன்னார்.

அந்த அரசமைப்புச் சட்டத்தில் ஐந்தாவது அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள். அது என்ன செய்கிறது என்பதை நிதானமாகச் சொல்கிறேன். பழங்குடி மக்கள் அதிகம் வாழும் சில பகுதிகளைக் குடியரசுத் தலைவர் பட்டியல் பகுதி என்று அறிவிக்கிறார். இப்போது பத்து மாநிலங்களில் அப்படிப்பட்ட பகுதிகள் உண்டு. அங்கே நாடாளுமன்றமோ சட்டமன்றமோ இயற்றிய ஒரு சட்டம் பொருந்தாது என்றோ, இன்ன மாற்றத்தோடுதான் பொருந்தும் என்றோ ஆளுநர் அறிவிக்கலாம். நிலம் கைமாறுவதைத் தடுக்கவும், வட்டித் தொழிலைக் கட்டுப்படுத்தவும் அவர் விதிமுறை போடலாம். அவருக்கு ஆலோசனை சொல்ல ஒரு பழங்குடி ஆலோசனைக் குழு. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பழங்குடிச் சட்டமன்ற உறுப்பினர்கள். ஆண்டுதோறும் குடியரசுத் தலைவருக்கு அறிக்கை போக வேண்டும்.

வாசித்தால் எவ்வளவு பெரிய கவசம் என்று தோன்றும். ஆனால் அணிந்துகொள்ள ஆள் வேண்டும். இந்த அதிகாரத்தை எடுத்துப் பயன்படுத்திய ஆளுநர்கள் அரிது. 2016-ல் சோட்டா நாகபுரி குத்தகைச் சட்டத்தைத் தளர்த்தி, விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்குத் திருப்ப வழி செய்யும் திருத்தத்தை ஜார்க்கண்ட் சட்டமன்றம் நிறைவேற்றியது. ஊர் ஊராக எதிர்ப்பு எழுந்தது. 2017-ல் ஆளுநர் மசோதாவைத் திருப்பி அனுப்பினார், அரசு கைவிட்டது. அந்த ஆளுநர் திரௌபதி முர்மு. சந்தால் பழங்குடியைச் சேர்ந்தவர், அரசியலுக்கு வருமுன் ஒடிசாவின் ராய்ரங்பூரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர், இன்று குடியரசுத் தலைவர். மசோதாவைத் திருப்பி அனுப்புவது எந்த ஆளுநருக்கும் உள்ள அதிகாரம்தான்; ஐந்தாவது அட்டவணையின் தனி அதிகாரம் அல்ல. ஆனாலும் ஊர்க்காரர்கள் தங்கள் சட்டத்தின் பிரிவு எண்ணோடு தெருவில் இறங்கியிராவிட்டால் அந்த மசோதா ஒரு சாதாரணக் கோப்பாகக் கையெழுத்தாகியிருக்கும்.

உங்கள் வீட்டுப் பத்திரம் உங்கள் வீட்டில் யாருக்குமே தெரியாத மொழியில் எழுதிப் பெட்டியில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடு உங்களுடையதுதான். ஆனால் ஒருவன் வந்து திண்ணையில் உட்கார்ந்தால் எழுப்பிவிட உங்களால் முடியுமா? பழங்குடி மக்களின் சட்டங்கள் நெடுங்காலம் அப்படித்தான் கிடந்தன. அந்தப் பெட்டியைத் திறந்து வாசிக்கிற பிள்ளைகளை உருவாக்குவதுதான் ராம் தயாள் முண்டா அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்து செய்த வேலை.

1980களின் தொடக்கத்தில் ராஞ்சி பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர் குமார் சுரேஷ் சிங். ஐ.ஏ.எஸ். அதிகாரி, பிர்சா முண்டாவைப் பற்றி ஆராய்ந்து நூல் எழுதிய அறிஞர். பழங்குடி மற்றும் வட்டார மொழிகளுக்கு ஒரு தனித் துறை தொடங்க வேண்டும், வாருங்கள் என்று அவர் அழைத்தார். முண்டா வந்தார். முண்டாரி, சந்தாலி, ஹோ, கரியா, குடுக் ஆகிய ஐந்து பழங்குடி மொழிகள். நாக்புரி, குர்மாலி, கோர்த்தா, பஞ்ச்பர்கனியா ஆகிய நான்கு வட்டார மொழிகள். மொத்தம் ஒன்பது மொழிகளை ஒரே கூரையின் கீழ் பட்ட மேற்படிப்புக்கு வைத்தார்கள்.

இந்த ஒன்பதில் குடுக் நமக்கு உறவு. ஒராவ் மக்கள் பேசும் இந்த மொழி திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது. 2011 கணக்கெடுப்புப்படி ஏறத்தாழ 20 லட்சம் பேர் பேசுகிறார்கள். முண்டாரி வேறு குடும்பம், ஆஸ்திரோ-ஆசிய வகை. ராஞ்சியின் அந்தக் கூரையின் கீழ் தமிழின் தூரத்துச் சகோதரிக்கும் ஓர் அறை உண்டு என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

ஒரு பல்கலைக்கழகத் துறை ஒரு சமூகத்துக்கு என்ன செய்துவிட முடியும்? யோசித்துப் பாருங்கள். ஒரு மொழியில் எம்.ஏ. படிப்பு வந்தால் அதற்குப் பாடத்திட்டம் வேண்டும். பாடத்திட்டத்துக்குப் புத்தகம் வேண்டும். புத்தகத்துக்காக யாராவது ஊருக்குப் போய்க் கிழவிகளிடம் கதையும் வழக்கும் கேட்டு எழுத வேண்டும். படித்து வருகிறவனுக்குக் கல்லூரியில் வேலை வேண்டும் என்ற கோரிக்கை எழும். தேர்வாணையத்தின் பட்டியலில் அந்த மொழி ஏற வேண்டும் என்று கேட்பார்கள். வீட்டுப் பேச்சு என்று ஒதுக்கப்பட்டது விடைத்தாளில் எழுதக்கூடிய ஒன்றாக மாறும். அதுவரை ஹிந்தியில் திக்கித் திக்கிப் பேசித் தலைகுனிந்த பையன், தன் தாத்தா பேசியதைப் படித்துப் பட்டம் வாங்குகிறான். இது மனசுக்குள் நடக்கிற மாற்றம். ஆனால் அதிகாரியின் மேஜைக்கு முன்னால் அவன் நிற்கிற நிலை இதனால்தான் மாறுகிறது.

முண்டா இன்னொன்றும் செய்தார். முண்டா ஊர்களில், ஒராவ் ஊர்களில், நடுவே அக்ரா என்ற ஆடுகளம் இருக்கும். கரம், சர்ஹுல் பண்டிகை நாட்களில் ஊரே கைகோத்து ஆடும் இடம். ஊர்க் கூட்டம் கூடுவதற்கும் வழக்குத் தீர்ப்பதற்கும் அதுவே இடம். படித்த பிள்ளைகள் அங்கே போக வெட்கப்பட்ட காலம் அது. முண்டா புல்லாங்குழலும் நகராவும் வாசிப்பவர்; பாட்டு எழுதுபவர். துணைவேந்தர் ஆன பிறகும் மாணவர்களோடு வரிசையில் நின்று ஆடினார். பல்கலைக்கழகத் துறையிலேயே அக்ரா வந்தது. ஆடுகிறவர்களே பிழைத்திருப்பார்கள் என்பது அவர் எப்போதும் சொல்லிவந்த சொல். 2017-ல் மேக்நாத்தும் பிஜு டோப்போவும் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படத்துக்கும் அதுவே பெயர். இதைக் கலைநிகழ்ச்சி என்று ஒதுக்கிவிடக் கூடாது. ஆடுகளத்தில் தலைமை தாங்குகிறவர் என்று யாரும் இல்லை, மேடை இல்லை, பார்வையாளர் இல்லை. ஊர் மொத்தமும் ஒரே வட்டம். அந்த வட்டம்தான் மறுநாள் நிலத் தகராறைப் பேசித் தீர்க்கிறது. ஆட்டம் நின்றுபோன ஊரில் கிராம சபையும் நின்றுபோகும் என்று அவர் நம்பினார். நானும் அப்படியே நம்புகிறேன்.

1986 முதல் 1988 வரை அவர் ராஞ்சி பல்கலைக்கழகத் துணைவேந்தர். அதே ஆண்டுகளில் தனி மாநிலக் கிளர்ச்சி உச்சத்தில் இருந்தது. 1989-ல் மத்திய உள்துறை அமைச்சகம் ஜார்க்கண்ட் விவகாரக் குழுவை அமைத்தபோது அவரையும் சேர்த்தது. 1990-ல் அறிக்கை வந்தது. இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். ஜார்க்கண்ட் பழங்குடி மாநிலம் என்பது பொதுவான எண்ணம். ஆனால் இன்றைய எல்லையில் 2011 கணக்குப்படி பழங்குடி மக்கள் 26.2 சதவீதம்தான். அவர்கள் மட்டும் கேட்டு ஒரு மாநிலம் கிடைக்காது. பல தலைமுறையாகப் பக்கத்து வீட்டில் வாழ்ந்து, அதே ஆடுகளத்தில் ஆடி, அதே திருவிழாவைக் கொண்டாடிய, பழங்குடி அல்லாத சதான் மக்களும் ஜார்க்கண்டிகளே என்று ஏற்றுக்கொண்டால்தான் கோரிக்கைக்கு வலு வரும்.

இப்போது அந்த ஒன்பது மொழிகளை மறுபடி நினைத்துப் பாருங்கள். ஐந்து பழங்குடி மொழி, நான்கு சதான் மக்களின் மொழி. மாநிலம் பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே அந்த மாநிலத்தின் உருவம் ஒரு பல்கலைக்கழகத் துறையில் தயாராகிவிட்டது. அங்கே படித்த பிள்ளைகள் பலர் இயக்கத்துக்குள் போனார்கள். முண்டாவே ஜார்க்கண்ட் மக்கள் கட்சிக்குத் தலைமை ஏற்றுத் தேர்தல் அரசியலிலும் இருந்தார். அந்தப் பகுதி அவருடைய பலம் என்று நான் சொல்ல மாட்டேன். 1995-ல் ஜார்க்கண்ட் பகுதிக்குத் தன்னாட்சிக் குழு ஒன்று வந்தது. 2000 நவம்பர் 15, பிர்சா முண்டாவின் பிறந்தநாளில், ஜார்க்கண்ட் மாநிலம் உதயமானது. ஒரு பாடத்திட்டம் அரசியல் வரைபடத்துக்கு முன்னோடியாக அமைந்ததற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

சரி, மாநிலம் வந்துவிட்டது. ஊருக்கு என்ன வந்தது? இதற்குப் பெசா சட்டத்தைப் பார்க்க வேண்டும். 1996 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பஞ்சாயத்து நீட்டிப்புச் சட்டம் இது. ஐந்தாவது அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டும் உரியது. இதன்படி கிராமம் என்பது வருவாய்த் துறைக் கணக்கில் உள்ள கிராமம் அல்ல. தன் வழக்கப்படி தன் காரியங்களைத் தானே நடத்திக்கொள்ளும் ஒரு குடியிருப்பு, சின்னப் பாடியாக இருந்தாலும், ஒரு கிராமம். அதன் சபைக்குத் தன் மரபையும் இயற்கை வளத்தையும் வழக்குத் தீர்க்கும் முறையையும் காத்துக்கொள்ளும் தகுதி உண்டு. நிலம் கையகப்படுத்துமுன் கலந்து பேச வேண்டும். சிறு வன விளைபொருள் ஊருக்குச் சொந்தம். ஜெய்பால் சிங் 1946-ல் சொன்னதை அரசு அரை நூற்றாண்டு கழித்து எழுத்தில் ஒப்புக்கொண்டது.

இந்தச் சட்டம் பிறக்கக் காரணமாக இருந்தவர்களில் முக்கியமானவர் பி.டி. சர்மா. பஸ்தார் ஆட்சியராக இருந்து, பிறகு வடகிழக்கு மலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும், அதன்பின் பட்டியல் சாதி, பழங்குடியினர் ஆணையராகவும் இருந்தவர். சட்டம் வந்தவுடன் அவரும் பழங்குடித் தலைவர் பந்தி ஒராவும் ஊர்களில் கல் நட்டு அதில் பெசாவின் பிரிவுகளைப் பொறித்து வைத்தார்கள். முன்னோருக்குக் கல் வைப்பது முண்டாக்களின் பழைய வழக்கம் என்று சொன்னேன் அல்லவா. அதே கல்லில் இப்போது அரசமைப்புச் சட்டம். 2017-18-ல் குந்தி மாவட்டத்தில் நூற்றுக்கணக்கான ஊர்கள் இப்படிக் கல் நட்டபோது காவல்துறை தேசத்துரோக வழக்குகள் போட்டது. 2019 டிசம்பரில் வந்த புதிய அரசு தன் முதல் அமைச்சரவைக் கூட்டத்திலேயே அந்த வழக்குகளைத் திரும்பப் பெற முடிவு செய்தது. நாட்டின் சட்டத்தைக் கல்லில் எழுதி ஊர் நடுவில் வைத்தவர்களைத் துரோகி என்று சொன்னது பெரும் அநியாயம். சட்டத்தை அவர்கள் வாசித்துவிட்டார்கள் என்பதுதான் அங்கே குற்றமாகப் பார்க்கப்பட்டது.

வாசித்த ஊர் என்ன செய்யும் என்பதற்கு ஒடிசாவின் நியம்கிரி இருக்கிறது. அலுமினியத்துக்காக மலையைத் தோண்டலாமா என்ற வழக்கில், கிராம சபைகளைக் கேளுங்கள் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நீதிபதி முன்னிலையில் 12 சபைகள் கூடின. டோங்ரியா கோந்த் மக்கள் தங்கள் குவி மொழியில் பேசினார்கள். அதுவும் ஒரு திராவிட மொழி. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. மலை இருக்கிறது.

முண்டா இந்த விவாதத்தை நாட்டுக்கு வெளியேயும் கொண்டு போனார். இந்தியப் பழங்குடிகளின் கூட்டமைப்பு ஒன்றின் தலைவராக 1980களின் இறுதியிலிருந்து ஜெனீவாவில் ஐ.நா. பணிக்குழு முன் பேசினார். பல ஆண்டுப் பேச்சின் முடிவில், 2007 செப்டம்பர் 13 அன்று பழங்குடி மக்களின் உரிமைப் பிரகடனத்தை ஐ.நா. பொதுச்சபை ஏற்றது. ஆதரவு 144, எதிர்ப்பு 4. எதிர்த்தவை ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து, அமெரிக்கா. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. ஆனால் சுதந்திரத்தின்போது இந்தியாவில் இருந்த எல்லோருமே மண்ணின் மக்கள்தான் என்ற விளக்கத்தோடு. அதாவது பிரகடனம் நல்லது, ஆனால் இங்கே யாருக்கும் தனியாகப் பொருந்தாது. முண்டா வாழ்நாள் முழுக்க மறுத்துவந்த நிலைப்பாடு இது. எல்லோரும் என்று சொல்லும்போது 10 கோடிக்கு மேற்பட்ட பழங்குடி மக்களின் தனித்த வரலாறு கணக்கிலிருந்தே மறைந்துவிடுகிறது.

கணக்கு என்றதும் இன்னொன்று. மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தில் ஆறு பெரிய மதங்களுக்குத்தான் தனிக் குறியீடு. மரச்சோலையைக் கும்பிடுகிற சர்னா வழிபாட்டாருக்கு இல்லை. இருந்தும் 2011-ல் ஏறத்தாழ 50 லட்சம் பேர் 'பிற' என்ற கட்டத்தில் சர்னா என்று எழுதச் சொன்னார்கள். பழங்குடிகளின் வழிபாடு இன்னொரு மதத்தின் கிளை அல்ல, அது தனக்குள் முழுமையானது என்று ஆதி தரம் என்ற நூலில் முண்டா விரிவாக வாதிட்டவர். 2020 நவம்பரில் ஜார்க்கண்ட் சட்டமன்றம் சர்னாவுக்குத் தனிக் குறியீடு கேட்டுத் தீர்மானம் போட்டது. அப்போது அவர் உயிரோடு இல்லை. 2010-ல் பத்மஸ்ரீயும் மாநிலங்களவை நியமனமும் வந்தன. தேசிய ஆலோசனைக் குழுவிலும் இடம் கிடைத்தது. 2011 செப்டம்பர் 30 அன்று இறந்துபோனார். டெல்லியில் அவருக்குக் கிடைத்தது ஒன்றரை ஆண்டுதான். ராஞ்சியில் கிடைத்தது முப்பது ஆண்டு. எதில் விளைந்தது அதிகம் என்று கேட்டால் எனக்குச் சந்தேகமே இல்லை.

மிச்சம் நிறைய இருக்கிறது. 2003-ல் சந்தாலி அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் ஏறிவிட்டது; முண்டாரி, ஹோ, குடுக் இன்னும் ஏறவில்லை. பெசாவுக்கான விதிகளை வகுக்காமலே ஜார்க்கண்ட் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓட்டிவிட்டது. பழங்குடிகளின் பெயரால் பிறந்த மாநிலம் முதல் பஞ்சாயத்துத் தேர்தலை நடத்தவே 2010 ஆயிற்று. சட்டம் இருப்பது வேறு, அது ஊருக்கு வந்து சேர்வது வேறு.

இதில் நம் ஊருக்கும் ஒரு பாடம் உண்டு. தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி எதுவும் அறிவிக்கப்படவில்லை. அதனால் பெசாவும் இங்கே செல்லாது. நீலகிரியிலும் ஜவ்வாது மலையிலும் கல்வராயன் மலையிலும் வாழும் மக்களுக்கு 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம்தான் பெரிய பிடிமானம். அதுவும் நீதிமன்ற இடைக்கால உத்தரவால் 2008 முதல் இங்கே முடங்கிக் கிடந்தது. 2016-ல்தான் உச்ச நீதிமன்றம் தடையை நீக்கியது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து காட்டு நிலத்தில் பிழைத்துவரும் பழங்குடிக் குடும்பம் நான்கு ஹெக்டேர் வரை உரிமை கோரலாம். ஊர் மொத்தமும் சேர்ந்து காட்டின் மேல் சமூக உரிமையும் கோரலாம். கோரிக்கையை ஏற்பதற்கான முதல் படி கிராம சபை.

ஆதாரம் என்ன காட்டுவது? அந்தச் சட்டத்தின் விதிகளை எடுத்துப் பாருங்கள். அரசுக் காகிதங்களோடு கூடவே, பழைய கிணறு, புதைகாடு, வழிபாட்டு இடம் ஆகியவையும் சான்றாகும் என்று இருக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை எழுத்தில் பதிந்து தந்தால் அதுவும் சான்று. முண்டாக்கள் கச்சேரியில் காட்டித் தோற்ற அந்தக் கல்லை, நூறாண்டு கழித்து இந்தியச் சட்டம் பட்டாவுக்கான ஆதாரமாக ஒப்புக்கொண்டிருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட சான்று வேண்டும், அவ்வளவுதான்.

இந்த இடத்தில்தான் ஆசிரியர் தேவைப்படுகிறார். பெரியவர் சொல்வதை அவருடைய மொழியிலேயே கேட்டு எழுத ஒருவர் வேண்டும். குலக் கதையில் வரும் ஓடைக்கும் மேட்டுக்கும் வரைபடத்தில் இடம் குறிக்க ஒருவர் வேண்டும். சபை கூடும்போது விதியை உரக்க வாசித்து விளக்க ஒருவர் வேண்டும். அதிகாரியின் வேலை கோரிக்கை வந்த பிறகுதான் தொடங்கும். அதற்கு முந்திய வேலை முழுவதும் பள்ளிக்கூடத்து வேலை.

மலைப் பள்ளிகளில் வேலை பார்க்கும் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளியைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் வன உரிமைக் குழு இருக்கிறதா, கடைசியாக எப்போது கூடியது என்று விசாரியுங்கள். மேல் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, தாத்தா பாட்டி சொல்லும் இடப்பெயர்களையும் குல வரலாற்றையும் அவர்கள் பேசுகிறபடியே எழுதி வரச் சொல்லுங்கள். பெரியவர்கள் போய்விடுவதற்குள், இந்தப் பள்ளி ஆண்டிலேயே தொடங்குங்கள்.